உடைக்காமல் அறிதல்



சந்தையில் மண்பானை வாங்கும் தாய்மார்களை நீங்கள் பார்த்திருக்கலாம். பானையை ஒரு கையில் ஏந்தி, மறு கையின் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவார்கள். கணீரென்று ஒலித்தால் வாங்குவார்கள். மங்கிய ஒலி எழுந்தால் கீழே வைத்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத கீறலைக் காது கண்டுபிடித்துவிடுகிறது. பானையின் வலிமையை அறிய மற்றொரு வழியும் உண்டு. கல்லின்மேல் போட்டு உடைத்துப் பார்க்கலாம். ஐயமின்றித் தெரிந்துவிடும், ஆனால் சோறாக்கப் பானை இராது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இந்தப் பானைச் சிக்கல்தான். பானைக்குப் பதிலாகக் கான்கிரீட் சாலையை வைத்துக்கொள்ளுங்கள். சாலையின் வலிமையை அதனை உடைக்காமலே அறிவது எங்ஙனம்? அதிலும், இரவில் போட்டு விடியலில் வண்டிகளை விடவேண்டிய அவசரச் சாலையில், 'இது போதிய வலிமை பெற்றுவிட்டது' என்று துணிந்து சொல்வது எங்ஙனம்? இவ்வகைச் சோதனையைப் பொறியியலார் சிதைவிலாச் சோதனை என்பர்.

பொறியாளன் அல்லாத உனக்கு இதைப்பற்றிப் பேச என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். நான் அறிவியல் கற்பித்த ஆசிரியன். பின்னர்த் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தப் பொருளில் எனக்குள்ள உரிமை, நான் செய்த ஒரு பிழையால் வந்த உரிமை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் பணியாற்றிய பள்ளி மலையடிவாரத்து ஊர் ஒன்றில் இருந்தது. ஒரு மார்கழி மாதத்தில், பள்ளியின் வாயிலிலிருந்து கலையரங்கம் வரை கான்கிரீட் பாதை போட்டோம். ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. பாதை போட்ட ஆறாம் நாள், பந்தல் சாமான்களும் நாற்காலிகளும் ஏற்றிய லாரி வாயிலில் வந்து நின்றது. கொத்தனார் என்னிடம் ஓடி வந்தார். "ஐயா, இன்னும் ரெண்டு நாள் பொறுத்துக்குங்க. இது பனிக்காலம். பங்குனியிலே ஆறு நாள்லே வர்ற பலம் மார்கழியிலே எட்டு நாளானாத்தான் வரும்" என்றார். நான் பாதையைக் குடை நுனியால் நாலு இடத்தில் குத்திப் பார்த்தேன். கல்லைப் போல் இருந்தது. "நன்றாகக் காய்ந்துவிட்டதே!" என்று சொல்லி லாரியை உள்ளே விடச் செய்தேன்.

விழா சிறப்பாக நடந்தது. பாதைக்கும் ஒன்றும் நேரவில்லை. கொத்தனார் வீணாக அஞ்சினார் என்றுகூட நினைத்தேன். கோடை விடுமுறை கழிந்து பள்ளி திறந்தபோது, பாதையின் குறுக்கே மூன்று வெடிப்புகள் ஓடியிருந்தன. ஓரத்தில் ஒரு மூலை தனியே பிளந்து நின்றது. ஓய்வு பெறும் வரையில் நாள்தோறும் காலையில் அந்த வெடிப்புகளைத் தாண்டித்தான் என் அறைக்குச் சென்றேன்.

பிற்காலத்தில், பொறியியல் கற்றுச் சாலைப் பணியில் சேர்ந்த என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்திருந்தார். வெடிப்புகளைக் காட்டிக் காரணம் கேட்டேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஐயா செய்த பிழைகள் மூன்று. காய்ந்துவிட்டது என்றீர்கள், கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை. மேற்பரப்பைத் தொட்டுப் பார்த்தீர்கள். வலிமை உள்ளே இருக்கிறது. நாளை எண்ணினீர்கள், குளிரை எண்ணவில்லை." அந்த மூன்றையும் ஒவ்வொன்றாக விளக்கிவிட்டால் இன்றைய பொருள் முழுதும் விளங்கிவிடும்.

முதற் பிழையைப் பார்ப்போம். ஈர மண் காய்ந்து இறுகுகிறது. சிமெண்டு அவ்வாறன்று. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் 1824-ல் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். அன்று முதல் இன்று வரை அதன் செய்முறை எவ்வளவோ மாறியிருக்கிறது. ஆனால் அடிப்படை ஒன்றே. சிமெண்டும் நீரும் கலந்தவுடன் வேதிவினை தொடங்குகிறது. புதிய பொருள்கள் தோன்றி, மணலையும் ஜல்லியையும் ஒன்றோடொன்று பிணைக்கின்றன. அப்போது வெப்பமும் வெளிப்படுகிறது. நீர் இருக்கும் வரையில்தான் இந்த வினை நடக்கும். ஆகையால்தான் கொத்தனார்கள் புதிய தளத்தின்மேல் ஈரச் சாக்கு விரிக்கிறார்கள். பாத்தி கட்டி நீர் நிறுத்துகிறார்கள். உண்மையாகவே காய்ந்துவிட்ட கான்கிரீட், வளர்ச்சி நின்றுபோன கான்கிரீட் ஆகும்.

இந்த வலிமை முதல் சில நாட்களில் விரைந்தும், பின்னர் மெல்ல மெல்லவும் வளர்கிறது. எனவே 28-ஆம் நாளைத் தீர்ப்பு நாளாக வைத்துக்கொள்வது உலகெங்கும் வழக்கமாயிற்று. வீடு கட்டுபவன் 28 நாள் காத்திருப்பான். சாலையோ காத்திருக்க இடம் கொடுப்பதில்லை. ஊருக்கு ஒரே பாதை. அதை ஒரு மாதம் மூடிவிட்டால் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையும் மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளியும் எங்கே போவார்கள்? இந்த நெருக்கடியிலிருந்து பிறந்ததுதான் விரைந்து இறுகும் சாலைத் தளம். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் 1986-ல் இம்முறையில் நெடுஞ்சாலை ஒன்றைச் செப்பனிட்டார்கள். சிமெண்டை மேலும் நுண்ணிதாக அரைத்தல், அதன் அளவைக் கூட்டுதல், நீரைக் குறைத்தல், பிறக்கும் வெப்பம் வெளியேறாதபடி தளத்தைக் கனத்த போர்வைகளால் மூடுதல் ஆகியவை இம்முறையின் கூறுகள். கலிபோர்னியாவில் தனி வகைச் சிமெண்டுகளைக் கொண்டு, இரவில் பழைய பலகத்தைப் பெயர்த்துவிட்டுப் புதியதை வார்த்து, காலை நெரிசலுக்கு முன்பே பாதையைத் திறந்துவிடுகிறார்கள்.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. 28 நாள் பொறுப்பவன் தன் கணக்கில் ஒரு நாள் தவறினாலும் பெருங்கேடு இல்லை. 8 மணி நேரமே பொறுப்பவன் 2 மணி தவறினால் கேடு வந்துவிடும். அந்தக் கேடும் உடனே கண்ணுக்குத் தெரியாது. கனத்த வண்டியின் சக்கரம் பலகத்தின் ஓரத்தில் ஏறும்போது பலகம் சிறிது வளைகிறது. வளையும்போது ஒரு புறம் அமுங்குகிறது. மறு புறம் இழுபடுகிறது. கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்குவதில் யானை; இழுவையைத் தாங்குவதில் பூனை. அதன் இழுவை வலிமை, அமுக்க வலிமையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். எனவே இளம் பலகத்தில் மயிரிழைக் கீறல் எளிதில் தோன்றும். ஒவ்வொரு வண்டியும் அதைச் சிறிது சிறிதாக நீட்டும். மாதங்கள் கழித்து வெடிப்பு வெளிப்படும்போது, முதல் வண்டியை விட்டவன் வேறு ஊருக்குப் போயிருப்பான். என் பள்ளிப் பாதையிலும் நடந்தது இதுவே.

ஆதலால் திறக்கும் முன் வலிமையை அறிந்தாக வேண்டும். நெடுநாளைய முறை யாது? சாலைக்கு வார்க்கும் அதே கலவையில் ஒரு பகுதியை எடுத்து, 150 மில்லிமீட்டர் கனச்சதுரக் கட்டிகளாகவோ, நீண்ட உத்தரத் துண்டுகளாகவோ வார்த்து வைப்பார்கள். உரிய காலத்தில் கட்டியை எந்திரத்தில் நசுக்கியும் துண்டை வளைத்து உடைத்தும் பார்ப்பார்கள். கலிபோர்னியச் சாலைத் துறை, வளைவு வலிமை சதுர அங்குலத்துக்கு 400 பவுண்டு அளவை எட்டிய பின்னரே இத்தகைய பலகத்தில் வண்டிகளை விடலாம் என்று விதித்திருக்கிறது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. கட்டிச் சோதனையும் பதம் பார்ப்பதே. ஆனால் அதில் ஒரு குறை உண்டு. நாம் பதம் பார்க்கும் சோறு அந்தப் பெரிய பானையிலிருந்து எடுத்ததன்று. பக்கத்திலே ஒரு சின்னஞ்சிறு செப்பில் தனியாக வேகவைத்தது! அரிசி ஒன்று, நீர் ஒன்று, அடுப்பு வேறு. அகன்ற சாலைத் தளம் தன்னுள் பிறந்த வெப்பத்தைத் தேக்கி வைத்துக்கொண்டு விரைந்து முதிர்கிறது. சிறு கட்டியோ அந்த வெப்பத்தை எளிதில் இழந்து பின்தங்குகிறது. மழையோ குளிர் காற்றோ வந்தால் இருவரின் கதையும் மேலும் வேறுபடும். எனவே பெரிய பானையிலேயே, அதனை உடைக்காமல், பதம் பார்க்கும் வழி வேண்டும்.

இரண்டாம் பிழைக்கு வருவோம். குடை நுனியால் நான் செய்த சோதனையைச் செம்மையாகச் செய்யும் கருவி ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்மிட் 1940-களின் இறுதியில் அதை அமைத்தார். வில்சுருளால் உந்தப்படும் சிறு சுத்தியல் கான்கிரீட்டின்மேல் மோதித் திரும்பும். பந்து மணலில் விழுந்தால் எழாது. கல் தரையில் விழுந்தால் துள்ளி எழும் அன்றோ? அதுபோலவே பரப்பு கடினமானால் சுத்தியல் மிகுதியாகத் துள்ளும். எவ்வளவு துள்ளிற்று என்பதை அளவுகோல் காட்டும். எளிய கருவி, மலிவான கருவி. ஆயினும் அது அறிவது தோலை மட்டுமே. அடியில் ஒரு ஜல்லி இருந்தால் எண் உயரும். பரப்பு ஈரமாயின் எண் தாழும். இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 1992-ல் வெளியிட்ட விதிநூலே, இக்கருவியால் மதிப்பிடும் வலிமை 25 விழுக்காடு வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்று எச்சரித்தது. சில மணி நேர வயதுடைய இளங்கான்கிரீட்டில் அதை நம்பிப் பாதை திறப்பது, நான் குடையை நம்பியதைப் போன்றதே.

தோலைக் கடந்து உள்ளே செல்ல வேண்டுமானால் ஒலியைத் துணைக்கு அழைக்க வேண்டும். இதுதான் பானையைத் தட்டும் முறை. 1940-களில் கனடாவிலும் இங்கிலாந்திலும் ஆய்வாளர்கள் இதனைக் கருவியாக்கினார்கள். நம் செவிக்கு எட்டாத நுண்ணொலித் துடிப்பு ஒன்றைக் கான்கிரீட்டின் ஒரு புறத்தில் செலுத்தி, மறு புறத்தில் வந்து சேரும் நேரத்தை அளப்பார்கள். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். நல்ல கான்கிரீட்டிலோ நொடிக்கு 4 கிலோமீட்டருக்கு மேல் செல்லும்! 30 சென்டிமீட்டர் கனத்தைக் கடக்க நொடியின் பத்து லட்சம் கூறுகளில் 75 கூறுகளே போதும். உள்ளே வெற்றிடமோ வெடிப்போ இருந்தால் துடிப்பு சுற்றிக்கொண்டு வரவேண்டும், நேரம் கூடும். கான்கிரீட் இறுக இறுக வேகம் ஏறும். மேற்சொன்ன விதிநூல் நொடிக்கு 4.5 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தை மிகச் சிறந்ததென்றும், 3 கிலோமீட்டருக்குக் குறைந்ததை ஐயத்துக்குரியதென்றும் வகுத்தது. ஆனால் சாலைப் பலகத்தின் அடிப்புறம் மண்ணில் படிந்திருக்கிறது. அங்கே கருவியை வைக்க இடம் ஏது? இரண்டு முனைகளையும் மேற்பரப்பிலேயே வைத்து அளக்க நேரிடும். அப்போது துல்லியம் குறையும். குறுக்கே இரும்புக் கம்பி இருந்தாலும் துடிப்பு அதன் வழியே விரைந்தோடி நம்மை ஏமாற்றும்.

இப்போது மூன்றாம் பிழை. உங்கள் பாட்டி தோசைக்கு மாவரைத்து வைக்கிறார். சித்திரையில் மாலையில் அரைத்தால் விடியுமுன்பே பொங்கி வழியும். மார்கழியிலோ மறுநாள் பகலானாலும் புளிக்காது. பாட்டி மணியைப் பார்ப்பதில்லை; பருவத்தைப் பார்க்கிறார். காலமும் வெப்பமும் சேர்ந்தே பக்குவத்தைத் தருகின்றன என்பது அவருக்குத் தெரியும். கான்கிரீட்டுக்கும் இதே விதிதான். இங்கிலாந்தில் நர்ஸ் என்னும் பெயருடைய ஆய்வாளர் 1949-லும், சால் என்பவர் 1951-லும் இதைக் கணக்காக வடித்தார்கள். ஒரே கலவை, எந்த வெப்பத்தில் எத்தனை காலம் இருந்தாலும், வெப்பமும் காலமும் சேர்ந்த 'முதிர்ச்சி' சமமானால் வலிமையும் ஏறத்தாழச் சமமாகும் என்பதே அவ்விதி.

கணக்கு எளிது. சுழியத்துக்குக் கீழே 10 டிகிரி செல்சியஸில் வளர்ச்சி நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் எத்தனை டிகிரி, எத்தனை நேரம் என்று பெருக்க வேண்டும். 30 டிகிரியில் 24 மணி நேரம் இருந்த கான்கிரீட்டின் முதிர்ச்சி 40 பெருக்கல் 24, அதாவது 960. 10 டிகிரியில் இருந்தால் அதே 960-ஐ எட்ட 48 மணி நேரம் வேண்டும். என் பள்ளிப் பாதைக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பங்குனியின் சராசரி 30 டிகிரி, மார்கழியின் சராசரி 20 டிகிரி என்று கொண்டால், ஆறு நாளை 40-ஆல் பெருக்க 240. அதை 30-ஆல் வகுக்க எட்டு. எட்டு நாள்! கொத்தனார் சொன்ன அதே எண். அவர் நர்ஸையும் அறியார், சாலையும் அறியார். முப்பது மார்கழிகள் அவருக்குப் பாடம் சொல்லியிருந்தன. அந்தப் பாடத்தைக் கேட்காதவன் நான்.

என் பிழை ஒரு பாதையோடு போயிற்று. வேறு இடங்களில் இதே பிழைக்கு உயிர்கள் விலையாயின. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1973 மார்ச் 2-ஆம் நாள், கட்டிக்கொண்டிருந்த உயர் மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து 14 தொழிலாளர் மாண்டனர். முட்டுகளை அகற்றிய தளத்தின் கான்கிரீட்டுக்கு வயது சுமார் நான்கு நாள். பருவமோ குளிர் பருவம். 1978 ஏப்ரல் 27-ஆம் நாள் மேற்கு வர்ஜீனியாவின் வில்லோ ஐலண்டு என்னுமிடத்தில், கட்டப்பட்டுவந்த குளிர்விப்புக் கோபுரத்தின் உச்சியிலிருந்து சாரமும் கான்கிரீட்டும் ஒருசேர உரிந்து விழுந்தன. 51 பேர் உயிரிழந்தனர். முதல் நாள் வார்த்த வளையத்தின்மேல் மறுநாள் பாரத்தை ஏற்றியிருந்தார்கள். இடையில் கழிந்தது ஒரு குளிர்ந்த இரவு. கான்கிரீட் போதிய வலிமை பெறும் முன் பாரம் ஏற்றியதே காரணமாக இருக்கக் கூடும் என்று ஆராய்ந்தோர் முடிவு கூறினர். இத்தகைய துயரங்கள் முதிர்ச்சிக் கணக்கை ஆய்வு மேசையிலிருந்து வேலைக்களத்துக்குக் கொண்டுவந்தன. 1987-ல் அமெரிக்காவில் அதற்கெனத் தர விதி ஒன்று எழுதப்பட்டது.

கட்டடத்தில் பிறந்த இந்த அறிவு அவசரச் சாலைக்குப் பெரிதும் பொருந்திற்று. தளம் வார்க்கும்போதே வெப்பமானிக் கம்பியைக் கான்கிரீட்டில் புதைத்துவிடுகிறார்கள். கருவி சிறு சிறு இடைவெளிகளில் வெப்பத்தைக் குறித்துக்கொண்டே வரும். முதிர்ச்சியையும் கூட்டிக்கொண்டே வரும். உரிய எண் வந்ததும் பொறியாளர் பாதையைத் திறக்கலாம். விடியற்காலையில் குளிர் காற்று வீசினால் எண் மெல்ல ஏறும், அவரும் பொறுத்திருப்பார். இப்போது பெரும் பலகத்திலேயே பதம் பார்த்தாயிற்று. செப்பு வேண்டியதில்லை.

வேண்டியதில்லை என்றா சொன்னேன்? இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். முதிர்ச்சி 960 என்றால் வலிமை எவ்வளவு? அதைக் கருவி எப்படி அறியும்? கருவி அறியாது, நண்பர்களே. வேலை தொடங்கும் முன்பே, அதே கலவையில் பல கட்டிகளை வார்த்து, வெவ்வேறு முதிர்ச்சியில் ஒவ்வொன்றாக உடைத்து, வரைபடம் ஒன்று தீட்டியிருக்க வேண்டும். களத்தில் உள்ள பொறியாளர் அந்த வரைபடத்தைத்தான் படிக்கிறார். இன்று ஒன்றை உடைக்காமல் அறிய, நேற்றே பலவற்றைப் பொறுமையாக உடைத்திருக்க வேண்டும். சுத்தியலுக்கும் ஒலித் துடிப்புக்கும் இதே நிபந்தனைதான்.

மற்றொன்றும் கேளுங்கள். வெப்பமானி வெப்பத்தை மட்டுமே காணும். கலவை சற்று இளகலாக வரட்டும் என்று யாரேனும் இரண்டு வாளித் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றிவிட்டால், வலிமை குறையும். வெப்பமானியோ வழக்கம்போல் எண்ணிக்கொண்டிருக்கும். சரியாகக் கெட்டிக்காமல் உள்ளே பொந்து விழுந்தாலும் அதற்குத் தெரியாது. கலவை மாறினால் வரைபடமும் மாற வேண்டும். எனவே அளவு பிசகாமல் நீர் ஊற்றும் தொழிலாளியின் நேர்மையின்மேல்தான் இந்தக் கருவி நிற்கிறது. அறிந்த பொறியாளர்கள் ஒரு முறையை மட்டும் நம்புவதில்லை. முதிர்ச்சியை அளந்து, அவ்வப்போது சில துண்டுகளை உடைத்தும் சரிபார்க்கிறார்கள்.

விரைவுக்கும் ஓர் எல்லை உண்டு. தொடக்கத்தில் மிகுந்த வெப்பத்தில் இறுகிய கான்கிரீட் முதல் நாளில் முந்திக்கொள்ளும். ஆனால் 28-ஆம் நாளில், மிதமான வெப்பத்தில் நிதானமாக வளர்ந்த கான்கிரீட் அதனை மிஞ்சிவிடுவதுண்டு. போர்வையை எவ்வளவு நேரம் மூடுவது, எப்போது விலக்குவது என்பதும் ஒரு கலையே.

ஆராய்ச்சி இங்கே நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார், மின்துடிப்பால் அதிரும் படிகங்களைக் கான்கிரீட்டில் புதைத்து, அந்த அதிர்விலிருந்தே வலிமையைக் கணிக்கும் உணர்கருவிகளை நெடுஞ்சாலைகளில் சோதித்திருக்கிறார்கள். வெப்பத்தைக் கொண்டு ஊகிப்பதைவிட, இறுக்கத்தையே நேராக உணர்வது நன்றல்லவா? உங்களில் எவரேனும் நாளை இதனினும் சிறந்த வழியைக் காணலாம்.

என் மாணவர் விடைபெறுமுன் ஒன்று கேட்டேன். "நான் குடையால் குத்திப் பார்த்தபோது அது கல்லைப் போல்தானே இருந்தது?" அவர் சொன்னார்: "கல்லாகத்தான் இருந்தது, ஐயா. லாரிக்குப் போதிய கல்லாக ஆகியிருக்கவில்லை." அந்த மறுமொழியை நான் மறக்கவில்லை. ஒன்று எப்படி இருக்கிறது என்பது ஒரு கேள்வி. எந்தப் பாரத்துக்கு அது ஆயத்தம் என்பது வேறு கேள்வி. இரண்டாம் கேள்விக்கு நாட்காட்டியும் விடை சொல்லாது. தொட்டுப் பார்க்கும் விரலும் விடை சொல்லாது. அளந்து பார்க்க வேண்டும். அளவைக்கு அடிப்படையை முன்பே உழைத்துத் தேடி வைத்திருக்க வேண்டும்.

அடுத்த முறை உங்கள் தெருவில் ஈரச் சாக்குப் போர்த்த புதிய கான்கிரீட் பாதையைக் கண்டால், குறுக்கே வைத்த கயிற்றைத் தாண்டி மிதிவண்டியை ஓட்டாதீர்கள். அருகில் கொத்தனார் இருந்தால் எத்தனை நாள் பொறுக்க வேண்டும், ஏன் என்று கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணை வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் காலந்தாழ்த்திப் போட்ட கணக்கு அது. நீங்கள் முன்னரே போட்டுவிடலாம்.